மூடிய கை

10 மார்ச் 2018

நாளை பெல்ட் தேர்வு. மண்டபத்தைக் கூட்டித் துடைத்தேன். உதவிக்கு வருகிறேன் என்று சொன்ன கிருபா வரவில்லை. கேட்டால் ஓவர்டைம் என்பாள். எங்கள் மூத்த மாணவி அவள், கறுப்பு பெல்ட் வாங்கி எட்டு வருஷம் ஆகிறது, இன்னும் துடைப்பத்தைக் கண்டால் ஓடுகிறாள்.

சுவரில் மாட்டியிருக்கும் வம்சப் படத்தில் ஒட்டடை. என் வீட்டுக்காரர் தன் கையால் வரைந்தது அது. உச்சியில் சீனத்துப் புக்கியென் மாகாணத்து வெண்கொக்குச் சண்டைக் கலை. அதன் கீழ் ஒக்கினாவா தீவு. அதன் கீழ் ஜப்பான். எல்லாவற்றுக்கும் அடியில், மலேசியா, பட்டர்வொர்த், கடைவீட்டு மாடி, நாங்கள் இரண்டு பேர்: குலசேகரன், தவமணி. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து நடத்துகிற கராத்தே பள்ளி இந்த வட்டாரத்தில் வேறு கிடையாது.

தியோ அண்ணன் வந்து படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவர் வெண்கொக்கு ஆடுகிறவர். லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் எங்கள் ஆட்களோடு வளர்ந்த சீனர், என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். "மேல இருக்கறது எங்காளு, கீழ நீங்க. தாத்தாவுக்கு மரியாதை குடு தங்கச்சி" என்றார். "தாத்தா விரலை விரிச்சுக்கிட்டு டான்ஸ் ஆடினாரு அண்ணே, நாங்க முஷ்டியா மூடினோம். மூடினதுக்கப்புறம்தான் அது கராத்தே" என்றேன். இருபது வருஷமாக மாணவர்களுக்கு நான் சொல்கிற வாக்கியம் இது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை.

நாளை தேர்வில் என் வீட்டுக்காரர் சான்சின் ஆட்டத்தைச் செய்து காட்டப் போகிறார். எங்களுக்கு முதல் பாடமும் அதுதான், கடைசிப் பாடமும் அதுதான். மூன்றடி முன்னால், மூன்றடி பின்னால். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு தசையையும் இறுக்கிக்கொண்டு, மூச்சைத் தொண்டையில் உரசவிட்டு, இரண்டு முஷ்டியையும் நெஞ்சுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். ஆடுகிறவர் இறுக்கமாக இருக்கிறாரா என்று இன்னொருவர் தோளிலும் தொடையிலும் அறைந்து பார்ப்பார். அவரை அறைகிற உரிமை பள்ளியில் எனக்கு மட்டும்தான். வீட்டிலும் அப்படித்தான் என்று கிருபா சொல்வாள்.

11 மார்ச்

விழுந்துவிட்டார்.

13 மார்ச்

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன் போலிருக்கிறது.

இரண்டாவது அடி வைத்தார். நான் பின்னால் நின்று தோளில் அறைந்தேன். கல் மாதிரி இருந்தது. இன்னொரு அறை. மூச்சை வெளியே விட்டார், அந்த மூச்சு முடியவில்லை, வேறு சத்தமாக மாறியது. வலது முழங்கால் மடங்கியது. பிள்ளைகள் அதையும் ஆட்டத்தின் பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்கிறார்கள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும். கண் திறந்திருக்கிறது, நான் கூப்பிட்டால் என்னைப் பார்க்கிறார். "பிரஷர் மாத்திரைய நடுவுல நிறுத்தினாரா?" என்று டாக்டர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. "டாக்டர், அவருக்கு அறுபத்தொரு வயசு. ஒரு காய்ச்சல்கூட வந்ததில்ல. மாத்திரையெல்லாம் எங்க வீட்ல கிடையாது" என்றேன். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

20 மார்ச்

வலது கை தொங்குகிறது. தூக்கினால் வருகிறது, விட்டால் விழுகிறது. பயிற்சியில் இருபது வருஷம் என்னைக் கீழே தள்ளிய கை அது. துடைத்துவிட்டுப் போர்வைக்குள் வைத்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பூனைக்குச் சோறு வைத்தேன். துணி ஊறப் போட்டேன், அலசாமலே திரும்பி வந்துவிட்டேன்.

9 ஏப்ரல்

வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. முன் அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில். பவித்ரா என்ற பிசியோ பெண் வாரம் இரண்டு தடவை வருவாள். எலும்பும் தோலுமாக இருக்கிறாள், ஆனால் அவரைத் தனியாளாகப் புரட்டிப் போடுகிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது.

மாணவர்கள் வந்து வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். களைப்பு.

"மாஸ்டர் எப்ப திரும்பி வருவார்?" என்று கிருபா கேட்டாள். டிசம்பர் தேர்வுக்கு நிற்பார் என்றேன். வாய்தவறிச் சொன்னதல்ல. நிற்பார்.

26 ஏப்ரல்

இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். கை மூடுகிறது!

காலையில் முகம் துடைக்கும்போது பார்த்தேன். நேற்றுவரை வாழைப்பழத் தோல் மாதிரி கிடந்த விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. பிரித்தேன். திரும்ப மடங்கின. தானாக! என் விரலை உள்ளே வைத்தேன், பிடித்துக்கொண்டது. அழுதேன். அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தேன், பூனைக்கும் கொடுத்தேன். முதலில் திரும்பி வந்தது முஷ்டி. வேறு எது வரும் அவருக்கு?

கிருபாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவளும் அழுதாள்.

27 ஏப்ரல்

பவித்ராவிடம் காட்டினேன். என்னவோ நான் சந்தோஷப்பட்ட அளவு அவள் சந்தோஷப்படவில்லை. "இது அவரா மூடறது இல்ல அக்கா, தசை தானா இறுகுது. இப்பவே நீட்டி நீட்டி விடணும், இல்லன்னா அப்படியே நின்னுடும்" என்றாள். விரல்களை விரித்து வைக்க ஒரு பிளாஸ்டிக் பலகை கொடுத்தாள், ஸ்பிளிண்ட் என்று பெயர். படுக்கும்போது கட்டிவிட வேண்டுமாம்.

படித்த பிள்ளைதான். ஆனால் முஷ்டி என்றால் என்ன என்று அவளுக்கு என்ன தெரியும்? இறுக்கத்தை உண்டாக்க நாங்கள் வருஷக்கணக்காக உயிரை விடுகிறோம். வந்த இறுக்கத்தை யாராவது தளர்த்துவார்களா?

5 மே

ஸ்பிளிண்டைக் கட்டினால் முனகுகிறார். அவிழ்த்துவிட்டேன். அலமாரி மேல் இருக்கிறது.

16 மே

ரப்பர் பந்து வாங்கி வந்தேன். வலது கைக்குள் வைத்து, என் கையால் அவர் கையை மூடி, "இறுக்குங்க, இறுக்குங்க, விடுங்க" என்கிறேன். இறுக்குவது நன்றாக வருகிறது. விடுவதுதான் வரவில்லை. அது பிறகு வரும்.

பந்து அடிக்கடி தொலைந்துபோகிறது. இன்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது. இடது கை பட்டு உருண்டிருக்கும்.

24 மே

தியோ அண்ணன் வந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் அவரும் என் வீட்டுக்காரரும் டீ குடிக்கப் போவது வழக்கம். இப்போது டீயை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு அவரே வருகிறார். வந்தால் போகவே மாட்டார்.

வலது கையைப் பார்த்ததும் முகம் மாறியது. "ஏன் இப்படி மூடி வெச்சிருக்க? மூட மூட பூட்டிக்கும் தங்கச்சி. தொற. ஒவ்வொரு வெரலா தொற" என்றார்.

"அண்ணே, இது உங்க கொக்கு இல்ல. இது மனுஷன்."

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். இன்று சிரிக்கக்கூட இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து வைத்து, மெதுவாக மூச்சு விட்டு, உட்கார்ந்தபடியே அவர்களுடைய ஆட்டத்தை ஆடிக் காட்டினார். அவர்கள் சாம் சியென் என்பார்கள். எங்கள் சான்சின்தான், அதே மூன்று அடி, அதே திருப்பம். ஆனால் விரல் விரிந்திருக்கும், மூச்சு காதில் கேட்காது. நோயாளி முன்னால் வித்தை காட்டுகிறாரே என்று எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

இவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பழைய சண்டைக்காரன் வந்து ஜெயித்துவிட்டுப் போனால் யாருக்குத்தான் வராது?

8 ஜூன்

இடது கையால் வலது கை விரல்களைப் பிரித்துக்கொண்டே இருக்கிறார். நான் மூடிவிடுகிறேன். திரும்பப் பிரிக்கிறார். குழந்தை விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. "சும்மா இருங்க, கெட்டுடும்" என்று கையில் தட்டினேன்.

என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

19 ஜூன்

மார்க்கெட்டில் கெம்போங் மீன் நல்லதாகக் கிடைத்தது. குழம்பு வைத்து முள் எடுத்துப் பிசைந்து ஊட்டினேன். நாலு வாய் சாப்பிட்டார்.

நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் லேசாக அறைந்து பார்த்தேன், பழக்கதோஷம். கல் மாதிரி இருந்தது. முழங்கை மடங்கி, முஷ்டி நெஞ்சில் ஒட்டி, அசல் சான்சின். போட்டோ எடுத்துக் கிருபாவுக்கு அனுப்பினேன். அவள் பதில் போடவில்லை.

3 ஜூலை

பவித்ரா கத்தினாள். இரண்டு மாசமாக மேற்பயிற்சிக்குப் போயிருந்தாள், அவளுக்குப் பதில் வந்த பையன் காலை மட்டும் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். இன்று அவள் வந்து கையைப் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. பலம் கொடுத்தாள். அவர் அலறினார். பேச்சு போனவர் அலறுவது எப்படி இருக்கும் என்று நான் எழுத மாட்டேன்.

சுண்டு விரலைக் கொஞ்சம் தூக்க முடிந்தது. உள்ளே நகம் உள்ளங்கையில் இறங்கியிருந்தது. புண். வாடை வெளியே வந்தது. அந்த வாடை கொஞ்ச நாளாக வீட்டில் இருந்தது, பூனை எங்கோ எலியை விட்டிருக்கிறது என்று நான் கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடியிருக்கிறேன்.

"ஸ்பிளிண்ட் எங்கக்கா?"

அலமாரியைக் காட்டினேன்.

"எவ்ளோ நாளா?"

அவள் அலமாரி மேலிருந்து அதை எடுத்துத் தூசி தட்டினாள். சின்னப் பெண், எனக்கு மகள் இருந்தால் இவள் வயது இருக்கும். அழுகிறாளோ என்று பார்த்தேன், இல்லை, கோபம். "பந்து வேற குடுத்தீங்களா? இறுகுற தசைய மேல மேல இறுக்கிட்டீங்களே அக்கா" என்றாள்.

4 ஜூலை

சமைக்கவில்லை.

5 ஜூலை

அவர் தானே பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் பிரித்தார். நான் மூடினேன்.

23 ஜூலை

ஆஸ்பத்திரியில் தசைக்குள் ஊசி போட்டார்கள். இறுக்கம் தளரலாம் என்றார்கள். போகும்போது காரில் மடியில் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை.

பள்ளியைக் கிருபா பார்த்துக்கொள்கிறாள். நான் போவதில்லை.

16 ஆகஸ்ட்

ஊசியால் ஒன்றும் ஆகவில்லை. நேரம் கடந்துவிட்டதாம்.

தியோ அண்ணன் டீ ஃபிளாஸ்கோடு வந்தார். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயே வந்து நின்றார். கொஞ்ச நேரம் கிளிப்பை எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். அவன் வாயால சொல்லட்டும்னு இருந்தேன். இனிமே அவன் எங்க சொல்லப் போறான்" என்றார்.

பிறகு சொன்னார். வியாழக்கிழமை டீ இல்லை. இரண்டு வருஷமாக இவர் அவரோடு சீனக் கோயில் பின்கட்டில் ஆடியிருக்கிறார். கையைத் திறந்து.

"டாக்டர் பிரஷர்னு சொல்லிட்டாரு. மாத்திரைய என் வீட்லதான் வெச்சிருந்தான். 'தியோ, இந்த இறுக்கு இறுக்கினா செத்துடுவேன் போலிருக்குடா, பழசச் சொல்லிக் குடு'ன்னு வந்தான். நல்லாவே ஆடினான் தங்கச்சி. எங்கப்பா மாதிரி ஆடினான். பள்ளியிலயும் எல்லாருக்கும் இப்படியே மாத்திடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான்."

"ஏன் மாத்தல?"

அண்ணன் கிளிப் டப்பாவைப் பார்த்தார். "தேர்வு முடியட்டும்னான். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னான். நீ சிரிப்பேன்னு பயந்தான் லா."

"அப்ப அன்னிக்கு ஏன் மூடிக்கிட்டு ஆடினாரு?"

"நீ பின்னால நின்னுக்கிட்டிருந்தியே."

கையில் இருந்த ஈர வேட்டியால் அவரை அடித்தேன். பள்ளி நடத்துகிறவள் அடிக்கிற அடி இல்லை, பைத்தியக்காரி அடிக்கிற அடி. "போங்க. இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று கத்தினேன். அவர் போனார். ஃபிளாஸ்க் முன் அறையில் இருந்தது. கட்டிலில் இருந்த இவர் என் கத்தலைக் கேட்டிருக்கிறார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஃபிளாஸ்கைப் பார்த்தார்.

17 ஆகஸ்ட்

முப்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவருக்கு என்னிடம் பயம்.

30 ஆகஸ்ட்

வியாழக்கிழமை. சாயங்காலம் முழுக்க வாசலைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டார். யாரும் வரவில்லை. போன் செய்யலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். எந்த முகத்தோடு கூப்பிடுவேன்?

21 செப்டம்பர்

தியோ அண்ணன் ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கிருபா சொன்னாள். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த மகனும் விற்றுவிட்டு அங்கேயே போகிறானாம். "உங்ககிட்ட சொல்லலியா அக்கா?" என்றாள். சொன்னார், மறந்துட்டேன் என்றேன்.

15 அக்டோபர்

புண் ஆறுவதில்லை. நான் ஒரு துணியை ஈர்க்குச்சியில் சுற்றி விரல் இடுக்கில் விட்டுச் சுத்தம் செய்கிறேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். முடிந்ததும் நான் கொல்லைக்குப் போய் நின்றுவிட்டு வருகிறேன்.

டாக்டர் இன்று தெளிவாகச் சொல்லிவிட்டார். விரல்களை மடக்குகிற தசைநார்களை மணிக்கட்டுக்கு மேலே வெட்டிவிடலாம். விரல் நிமிரும். புண் ஆறும், நகம் வெட்டலாம், கழுவலாம். "ஆனா அந்தக் கை இனிமே எதையும் பிடிக்காது. அதை நீங்க புரிஞ்சுக்கணும்" என்றார்.

"அவர் கராத்தே மாஸ்டர் டாக்டர்."

"தெரியும்மா" என்றார். குரலில் இரக்கம் இருந்தது. இரக்கத்தை எங்கே அறைந்து பார்ப்பது?

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டுவது, நிமிர்வது, பிடிக்காமல் போவது. புரிந்தது என்று எனக்குத் தெரியும். இடது கையை என் தலைமேல் வைத்தார். வைத்துவிட்டு எடுக்காமலே இருந்தார். அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கலாம். எனக்கு வேண்டிய அர்த்தத்தை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை, இந்த வருஷம் அதைப் போதுமான அளவு செய்தாயிற்று.

6 நவம்பர்

தீபாவளி. முறுக்கு சுடவில்லை. கிருபா ஒரு டப்பா கொண்டுவந்தாள். அவருக்குப் புதுச்சட்டை போட்டேன். வலது கை சட்டைக் கைக்குள் நுழையவில்லை, தையலைப் பிரித்து மாட்டினேன்.

12 நவம்பர்

கையெழுத்துப் போட்டேன். நாளை காலை.

13 நவம்பர்

முடிந்தது. பெரிய கட்டு. தூங்குகிறார்.

27 நவம்பர்

இன்று கட்டைப் பிரித்தார்கள். தையல் எடுத்தார்கள். மதியம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கை திறந்திருக்கிறது. ஏழு மாசத்துக்குப் பிறகு அவர் உள்ளங்கையைப் பார்க்கிறேன். வெள்ளையாக, ஊறிப்போய், நகம் பதிந்த நாலு குழிகளோடு இருக்கிறது. வெந்நீரும் சோப்பும் வைத்துக் கழுவினேன். நகம் வெட்டினேன். வாடை இல்லை. என் விரலை உள்ளே வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்காது என்றுதான் சொன்னார்கள். இருந்தாலும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

துவாலையை மாற்ற உள்ளே போய் வருவதற்குள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை நெஞ்சுக்கு முன்னால், விரல் விரிந்து, முழங்கை உள்வாங்கி. தியோ அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து காட்டியது. பிறகு அந்தக் கையாலேயே வலது கையைத் தூக்கி அதன் பக்கத்தில் நிறுத்தினார். விட்டதும் அது மடியில் விழுந்தது. திரும்பத் தூக்கினார், விழுந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

பயமில்லை அந்தப் பார்வையில். கேட்கிறார். வந்து பிடி என்கிறார். இந்த ஒன்பது மாசத்தில் அவர் என்னிடம் கேட்டு எனக்குப் புரிந்த ஒரே விஷயம் இதுதான்.

ஓடிப்போய் அவர் பின்னால் நின்றேன். தேர்வில் நிற்கிற அதே இடம். வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினேன். நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்தேன், இல்லை என்று தலையை ஆட்டினார். தோள் உயரத்துக்குக் கொண்டுபோனேன், அதற்கும் ஆட்டினார். உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பினேன், வெளியே பார்க்கத் திருப்பினேன். இல்லை. இல்லை. நாலாம் டான் கறுப்பு பெல்ட் நான். இருபது வருஷமாக அந்த ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை.

"எங்க வெக்கணும்? சொல்லுங்க, எங்க?" என்று கேட்டேன்.

அவர் வாய் அசைந்தது. பிறகு மூச்சை மெதுவாக, சத்தமில்லாமல் வெளியே விட்டு, இடது கையைக் கீழே இறக்கிவிட்டார்.